தனுஷ்கோடி இருட்டில் ஓர் உளவாளி: 8 பக்க காமிக்ஸ் வரைய

ஏ4 அளவில் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கார்ட்ரிட்ஜ் எனும் தடித்த ஓவியத் தாள், கறுப்பு மை, பக்கத்துக்கு 6 கட்டம். ஜெராக்ஸ் தாள் வேண்டாம், மை பரவும்.

களம் கடல் அட்டைக் கடத்தல் (கடலடியில் ஊரும் மெத்தென்ற உயிரினம் அது). 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை. ராமநாதபுரம் கடலோரத்து வேதாளை, மண்டபம் பக்கத்து வாசகருக்கு விளக்கவே வேண்டாம். வில்லன்களுக்கு ஆளுக்கொரு சக்தி, அதற்கொரு விலை: கடலடியில் மூச்சுவிடுபவனுக்குக் கரையில் மூச்சிரைக்கட்டும்.

கடத்தல் கும்பலுக்குள் அனுப்பப்பட்ட உளவாளி மெல்ல அவர்களில் ஒருவனாகக் கரைவதுதான் கதை. மேலதிகாரிக்கு அவன் அனுப்பும் தகவல் 1-ஆம் பக்கத்தில் ஐந்து வரி, 4-இல் இரண்டு, 6-இல் ஒரு பொய். 7-இல் எதுவும் அனுப்புவதில்லை. பலர் சறுக்குவது இங்கேதான்: ஒரே கொலையில் அவனை மாற்றிவிடுகிறார்கள், நம்பவே முடியாது. படிப்படியாக மாறட்டும்: வலை பின்ன உதவுகிறான், கூட்டாளி வீட்டில் கஞ்சி குடிக்கிறான், அதன்பிறகே ஒருவனைக் காட்டிக்கொடுக்காமல் விடுகிறான்.

பக்கத்தில் கறுப்பு தொடக்கத்தில் கால்வாசி, முடிவில் முக்கால்வாசி. 1964 புயலில் சிதைந்த தேவாலயம் நிழலுக்கு வசதி. பகல் காட்சியில் மணலை வெறுமையாக விட்டு ஆளை மட்டும் கறுப்பாக்குங்கள். மை நன்றாகக் காய்ந்தபின் பென்சில் கோட்டை அழியுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் தாமதமாகும், அவசரப்பட்டால் முகமெல்லாம் இழுகிவிடும்.