உதவி நாயோடு உள்ளே போக: குமரி மாவட்டத்தில் எதைக் காட்டுவது, எங்கே முறையிடுவது

மாற்றுத்திறனாளிக்குத் துணையாகப் பயிற்சி பெற்ற உதவி நாய்க்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. கையில் இருப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதில் உரிமை நாய்க்கு இல்லை, உங்களுக்குத்தான். அதனால் "நாயை விடுங்க" என்று கேட்காமல், "எனக்கு வேண்டிய வசதியைச் செய்துகொடுங்க" என்று கேளுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையில்தான்.

படி 1: காகிதங்கள்

முதலில் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை. இணையத்தில் விண்ணப்பித்த பிறகு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் பரிசோதனை நடக்கும். நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசிப் புத்தகம் வேண்டும்: முதல் ஊசி மூன்று மாத வயதில், பிறகு ஆண்டுதோறும். தேதி தாண்டிய புத்தகத்தைக் காட்டினால் வாசலிலேயே பேச்சு முடிந்துவிடும். பயிற்சியாளரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். "நன்கு பயிற்சி பெற்றது" என்று மட்டும் இருந்தால் போதாது. "படிக்கட்டின் முன் நிற்கும், கதவைக் காட்டும்" என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். இணையத்தில் விற்கும் 'சேவை நாய் அடையாள அட்டை'க்குக் காசைக் கொட்டாதீர்கள். அதற்குச் சட்ட மதிப்பில்லை.

படி 2: போகும் முன் கடிதம்

விடுதிக்கோ அலுவலகத்துக்கோ நான்கைந்து வரி போதும்: நாய் என்ன வேலை செய்கிறது, வாரில் கட்டியிருக்கும், உங்கள் காலடியில் படுத்திருக்கும். நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடே என்று 2016 சட்டத்தின் பிரிவு 2(h) சொல்வதைச் சேர்த்து, எழுத்தில் பதில் கேளுங்கள். இதில் ஓர் ஓட்டை உண்டு. நியாயமான நோக்கத்துக்காக, அளவோடு செய்யும் கட்டுப்பாட்டை பிரிவு 3(3) அனுமதிக்கிறது. நாய் குரைத்தாலோ ஆள்மேல் தாவினாலோ அந்த விலக்கு எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரும்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

படி 3: மறுத்தால்

வாசலில் சண்டை வேண்டாம். தேதி, நேரம், மறுத்தவர் பதவி, சொன்ன காரணம், கூட இருந்த சாட்சி, எல்லாவற்றையும் அன்றே எழுதிவையுங்கள். திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுங்கள். அங்கே நகராவிட்டால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போங்கள். அவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பலர் நேரே காவல் நிலையம் போய் இதே சட்டத்தின் பிரிவு 92 என்கிறார்கள். அது பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால், மிரட்டினால் பாயும் பிரிவு (6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை). வெறும் மறுப்புக்கு அது பொருந்தாது. சட்டத்தை மீறியதற்கான பொதுத் தண்டனை பிரிவு 89: முதல் முறை ₹10,000 வரை அபராதம்.

வக்கீலுக்குப் பணமில்லையா? நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு இல்லை. தொலைபேசி 15100.