பாட்டு முடிந்த அன்றே பங்கை எழுதுங்கள்: நாஷ்வில் சிறு பதிப்பகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் 16, 17ஆம் அவென்யூக்களை ஒட்டிய வட்டாரத்தை மியூசிக் ரோ என்கிறார்கள். கன்ட்ரி என்ற அமெரிக்க இசைவகையின் பாடல் தொழிலுக்கு மையம் அதுதான். கன்ட்ரி என்றதும் எழுதியவர் பெயர் தெரியாத நம் நாட்டுப்புறப் பாட்டு நினைவுக்கு வரலாம். இது வேறு. இங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமையாளர் உண்டு. 1942இல் பாடகர் ராய் ஏகஃபும் பாடலாசிரியர் ஃப்ரெட் ரோஸும் தொடங்கிய ஏகஃப்-ரோஸ் பதிப்பகம் அந்தத் தொழிலுக்கு அங்கே அடித்தளம் போட்டது. பதிப்பகம் என்றால் இங்கே புத்தகம் போடுவது அல்ல; பாட்டின் உரிமையை நிர்வகித்து வருமானத்தை வசூலிக்கும் நிறுவனம். இன்றும் வீட்டு அறையிலேயே பதிப்பகம் நடத்தும் பாடலாசிரியர்கள் பலர். நல்ல பாட்டு கையில் இருந்தும் அவர்களுக்குப் பணம் வரவில்லை என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் எழுதப்படாமல் கிடந்திருக்கும்.

எழுதாமல் விடக்கூடாத காகிதம், பாட்டில் யாருக்கு எவ்வளவு என்று குறிக்கும் பங்குத் தாள். நாஷ்வில்லில் தனியாக எழுதுகிறவர்கள் குறைவு. காலையில் இரண்டு மூன்று பேர் கிடாரோடு உட்கார்ந்தால், மாலைக்குள் ஒரு பாட்டு தேறிவிடும். அறையில் இருந்த எல்லோருக்கும் சம பங்கு என்பது ஊர் வழக்கம். மூவரில் ஒருவர் ஒற்றை வரிதான் தந்தார் என்றாலும் மூன்றில் ஒன்று அவருக்கு. பெருந்தன்மையான வழக்கம், நான் அதை மதிக்கிறேன். ஆனால் அதை வாய்ப்பேச்சோடு விட்டால் பின்னால் வம்பு. அடுத்த வாரம் நான்காவதாக ஒருவர் வந்து நடுவில் நாலு வரியை மாற்றிக் கொடுப்பார். பாட்டுக்கு ஒரு பெரிய பாடகர் கிடைத்ததும் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். எல்லோர் கணக்கும் சேர்ந்து நூறு சதவீதத்தைத் தாண்டினால் வசூல் அமைப்புகள் தகராறு தீரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கும். ஒரு பக்கம் போதும்: பாட்டின் பெயர், தேதி, எழுதியவர்களின் சட்டப்பெயர், அவரவர் சதவீதம், பதிப்பகம், ஐபிஐ எண் (எழுதியவரையும் பதிப்பகத்தையும் அடையாளம் காட்டும் எண்), கையெழுத்து. கிடாரை உறையில் போடுவதற்குள் முடித்துவிடலாம்.

பாடகர் தரப்பே பங்கு கேட்கும்போது என்ன சொல்வது என்பதையும் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ளுங்கள். 1970களில் டாலி பார்ட்டன் எழுதிய ஒரு பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். அவருடைய மேலாளர் டாம் பார்க்கர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி மனம் கலங்கினாலும் மறுத்துவிட்டார். 1992இல் விட்னி ஹூஸ்டன் குரலில் அதே பாட்டு உலகமெங்கும் ஒலித்தபோது உரிமை டாலியிடமே இருந்தது. எல்லோராலும் அப்படி மறுக்க முடியாது. கொடுப்பதானாலும், பதற்றத்தில் தொலைபேசியிலேயே தலையாட்டிவிடாதீர்கள்.

ஓர் இடத்தில் பதிந்துவிட்டால் எல்லாப் பணமும் வந்துவிடும் என்ற நினைப்பும் இழப்புதான். அமெரிக்க ஏஎம், எஃப்எம் வானொலியில் பாட்டு ஒலித்தால் பாடியவருக்கு ஒன்றும் கிடையாது. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே பணம். அதை வசூலிப்பவை ஆஸ்காப், பிஎம்ஐ, செசாக் போன்ற அமைப்புகள். ஸ்பாட்டிஃபையில் கேட்டால் இரண்டு வழியில் பணம் வர வேண்டும்: ஒன்று இதே அமைப்புகள் மூலம், மற்றொன்று மெக்கானிக்கல் என்ற பிரதி உரிமத் தொகை. இந்த இரண்டாவதை 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி 2021 முதல் எம்எல்சி என்ற தனி அமைப்பு வசூலித்துத் தருகிறது. பிஎம்ஐயில் சேர்ந்துவிட்டோமே என்று எம்எல்சியை மறந்தவர்களின் பணம் அங்கே உரிமையாளர் பெயர் பொருந்தாமல் நிற்கும். எம்எல்சி தொடங்கியபோது ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் இப்படித் தேங்கியிருந்த சுமார் 42 கோடி டாலரை அதனிடம் ஒப்படைத்தன என்றால் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

உங்கள் பாடலாசிரியர் பிஎம்ஐயில் இருந்தால் அவருடைய பாட்டுக்கான பதிப்பகக் கணக்கும் பிஎம்ஐயில்தான் இருக்க வேண்டும். ஆகவே பெயர்ப்பலகை, வங்கிக் கணக்கு எல்லாம் பிறகு. பதிப்பகத்துக்கு நினைத்த பெயர் அந்த அமைப்பில் காலியாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

செலவுக் கணக்கையும் நேர்மையாகப் போட்டுப் பாருங்கள். 2025இல் ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பாட்டுக்கு ஒரு சிடிக்கான மெக்கானிக்கல் தொகை 12.7 சென்ட். 10,000 சிடி விற்றால் 1,270 டாலர். மூவர் எழுதியிருந்தால் உங்கள் ஆளின் பங்கு 423 டாலர். அதில் பாதி அவருக்கு, மீதி 211 சொச்சம் உங்களுக்கு. இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் முழு வாத்தியக்குழுவோடு டெமோ எடுப்பது தாங்காது. கிடாரும் குரலும் மட்டுமான பதிவை முதலில் நாலு பேரிடம் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு தயாரிப்பாளர் பாட்டை ‘ஹோல்டு’ செய்தால், அதாவது வேறு யாருக்கும் கொடுக்காமல் தனக்காக நிறுத்திவைக்கச் சொன்னால், அது வெறும் சொல். பணமில்லை, பெரும்பாலும் கையெழுத்தும் இல்லை. எதுவரை என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.

பாடலாசிரியரிடம் கட்டணம் வாங்கிப் பதிப்பிக்காதீர்கள். பாட்டு சம்பாதித்தால்தான் பதிப்பாளருக்கு வருமானம்; முன்பணம் கேட்பவரை அந்த ஊரில் ‘பாட்டுச் சுறா’ என்றுதான் அழைப்பார்கள்.

வெளியான மூன்று மாதத்துக்குள் பாட்டை அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் பதியுங்கள். பதியாமல் இருந்து, அதன் பிறகு யாராவது திருடினால், சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டையும் வழக்கறிஞர் செலவையும் கேட்க முடியாது.

எழுதி வாங்கிய உரிமை என்றென்றைக்கும் என்று நினைத்து விலை பேசாதீர்கள். கூலிக்கு எழுதிய படைப்பாக இல்லாவிட்டால், பொதுவாக 35 ஆண்டுகளில் பாடலாசிரியர் அந்த உரிமையைத் திரும்பக் கேட்கலாம். திரும்பப் பெறும் தேதிக்கு அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு முன்பும் குறைந்தது 2 ஆண்டுகளுக்கு முன்பும் உள்ள இடைவெளியில் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். நீங்களே பாடலாசிரியரும் என்றால், இளம் வயதில் பிறரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பாட்டுகளின் தேதிகளை இன்றே தேடி எடுங்கள்.