யூஎஸ்பி சவுண்ட் கார்டு: முதலில் மைக்கின் பின்னைப் பாருங்கள்

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. போன வருடம் லேப்டாப்பின் ஆடியோ சாக்கெட் தளர்ந்துபோய், ஒயர் லேசாக அசைந்தாலே கரகரவென்று இரைச்சல். காதை நம்பிப் படிக்கிற பிள்ளைகளுக்கு அதை அனுப்ப மனசு வரவில்லை. யூஎஸ்பியில் செருகினால் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் புது சாக்கெட் தரும், கட்டைவிரல் அளவிலான ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினேன்.

செருகினேன், பேசினேன், ஒன்றும் பதிவாகவில்லை. பாதி நாள் போன பிறகுதான் புரிந்தது, கோளாறு கார்டில் இல்லை, மைக்கின் பின்னில். உங்கள் மைக்கின் பின்னில் எத்தனை கருப்பு வளையங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் அது மொபைலுக்கானது. பச்சை, பிங்க் என்று இரண்டு சாக்கெட் உள்ள கார்டில், மைக்குக்கான பிங்க் சாக்கெட்டில் பொதுவாக இரண்டு வளையப் பின்தான் சரியாக வேலை செய்யும். மூன்று வளைய மைக் வைத்திருந்தால், மைக்கையும் ஹெட்போனையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கார்டை யூஎஸ்பி ஹப்பில் போடாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். இந்த மாதிரிச் சின்னக் கார்டுகளுக்கு விண்டோஸ் 10, 11, லினக்ஸ் எதிலும் பெரும்பாலும் தனி டிரைவர் தேவையில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் சவுண்ட். இன்புட், அவுட்புட் இரண்டிலும் புதிய கார்டைத் தேர்ந்தெடுங்கள். நான் பதிவு செய்யப் பயன்படுத்தும் ஆடாசிட்டி மென்பொருள் ஏற்கெனவே திறந்திருந்தால் கார்டு அதில் தெரியாது. மூடிவிட்டுத் திறந்தால் போதும். சேனலை மோனோவில் வையுங்கள்.

பொறுமையாகச் செய்ய வேண்டியது ஒலி அளவு. இன்புட் அளவை 100இல் வைத்தால் 'ப', 'ட' வரும் இடமெல்லாம் வெடிக்கும். நான் 60இல் தொடங்கி, பாடத்தில் வழக்கமாக எந்தக் குரலில் வாசிப்பேனோ அதே குரலில் ஒரு பத்தி வாசித்துப் பார்ப்பேன். ஆடாசிட்டி மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நின்றால் சரி.

வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு விடும் இடைவெளியில் ஃபேன் சத்தம் மெல்ல ஏறுவது போலக் கேட்கிறதா? கார்டே ஒலியைக் கூட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். விண்டோஸின் பழைய கண்ட்ரோல் பேனலில் சவுண்ட், ரெக்கார்டிங், மைக்கின் பிராப்பர்ட்டீஸ் என்று போனால் சில கார்டுகளுக்கு ஏஜிசி (ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைப்பது) என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். என் பதிவுகளில் பெரிய வித்தியாசம் தெரிந்தது இதில்தான்.

அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். எனக்கு அதிலேயே நின்றுவிட்டது. கார்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கை பட்டுப் பட்டு யூஎஸ்பி சாக்கெட்டும் தளரும். ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி மேசையில் கிடக்க விடுங்கள்.