கியர்பாக்ஸ் ஆயில் சொட்டுகிறதா? சொட்டும் இடத்தை நம்பாதீர்கள்

காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் பொட்டு வைத்த மாதிரி ஒரு சிவப்புக் கறை. மறுநாள் பக்கத்திலேயே இன்னொன்று. கியர் ஒழுங்காக மாறுகிறது, சத்தம் இல்லை, டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. இந்தக் கட்டத்தில் சிலர் "சொட்டுதானே" என்று விட்டுவிடுவார்கள். என்னைப் போன்ற அவசரக்காரர்கள் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே எது இருக்கிறதோ அதைக் கழற்றி மாற்றிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடியில் படுத்து ஆயில் பேன் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு) கேஸ்கெட்டை மாற்றினேன், திங்கள் காலை அதே இடத்தில் அதே சொட்டு. ஆயில் உண்மையில் வந்தது ஒன்றரை அடி முன்னால், ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் பைப் மாட்டும் இணைப்பிலிருந்து. அங்கிருந்து ஊர்ந்து வந்து, பேனின் விளிம்பு தாழ்வாக இருந்ததால் அங்கே சொட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய கேஸ்கெட்டில் ஒரு குறையும் இல்லை.

முதலில், அது கியர்பாக்ஸ் ஆயில்தானா என்று உறுதி செய்யுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் எங்கே வருகின்றன என்று பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் அட்டையை வெளியே இழுத்தால் சொட்டு எந்தப் பக்கம், சக்கரத்துக்கு முன்னாலா பின்னாலா என்பது வரைபடம் மாதிரித் தெரியும். அதில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் சிவப்பு, பழசானால் செம்பழுப்பு. ஆனால் எல்லாமே சிவப்பு இல்லை, சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) ஆயில்களில் பச்சையும் நீலமும்கூட உண்டு. மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றும் கெட்டியான கியர் ஆயில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும், கந்தக நாற்றத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். இன்ஜின் ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருக்கும். கூலன்ட் தண்ணீர் மாதிரி ஓடும், இனிப்பு வாடை அடிக்கும். நிறமும் வாடையும் இல்லாமல் வெறும் தண்ணீராக இருந்தால் அது ஏசி தண்ணீர், போய்த் தூங்குங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே சிவப்பு ஆயிலைத்தான் ஊற்றுகிறார்கள். அதனால் சிவப்பாக இருப்பதை வைத்து மட்டும் கியர்பாக்ஸைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பானெட்டைத் திறந்து ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் அளவையும் பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் வழக்கு வேறு.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில் அளவு. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உள்ள வண்டிகளில் பெரும்பாலும் சமதளத்தில் நிறுத்தி, நன்றாகச் சூடான பிறகு, பிரேக்கை அழுத்தியபடி எல்லா கியருக்கும் ஒரு தடவை போய் வந்து, பார்க்கில் போட்டு இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். எல்லாருக்கும் இது பொருந்தாது, ஹோண்டாவின் பல மாடல்களில் இன்ஜினை அணைத்த உடனே பார்க்கச் சொல்வார்கள், ஆகவே வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதே கணக்கு. டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில் அடியில் உள்ள ஒரு பிளக்கைக் கழற்றி, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது பார்க்க வேண்டியிருக்கும். அது கொஞ்சம் வேலை, ஆயிலின் வெப்பநிலையைக் காட்டும் ஸ்கேனர் இல்லாமல் இறங்காதீர்கள்.

அளவு ஏன் முக்கியம் என்றால், அட்டையில் விழும் சொட்டு முழுக் கதையையும் சொல்லாது. ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால், ராத்திரிக்கு 10 சொட்டு விழுந்தாலும் ஒரு வருஷத்துக்கு 200 மில்லிகூட வராது. ஆனால் ஓடும்போது மட்டும் பீய்ச்சுகிற கசிவு அட்டையில் இரண்டு சொட்டுதான் காட்டும், நெடுஞ்சாலையில் அரை லிட்டரை இறக்கிவிட்டிருக்கும். அளவு மேல் குறியைத் தாண்டி இருந்தால் அதுவும் ஒரு தடயம்தான்: அதிகமாக ஊற்றிய ஆயில் நுரைத்து, கியர்பாக்ஸின் மேலே உள்ள ப்ரீதர் என்கிற மூச்சுக்குழாய் வழியாக வெளியே வழியும். ஆயிலை உள்ளே தடுத்து நிறுத்தும் எந்த ரப்பர் சீலும் கெட்டிருக்காது, அதிகப்படியை எடுத்தால் போதும்.

இப்போது அடியில் போகலாம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. சமமான கெட்டித் தரை, சக்கரங்களுக்கு முட்டு, ஜாக் ஸ்டாண்ட், ஹேண்ட்பிரேக் எல்லாம் போட்டுவிட்டு வண்டியைக் கையால் தள்ளி ஆட்டிப் பாருங்கள், பிறகு படுங்கள். சைலன்சர் குழாய் ஆறியிருக்க வேண்டும்.

பழைய கசிவு உள்ள வண்டியின் அடிப்பக்கம் ஆயிலும் புழுதியும் சேர்ந்து கறுப்புச் சேறாக இருக்கும், அதைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. கழுவாமல் தேடுவதுதான் இந்த வேலையில் எல்லாரும் செய்யும் தவறு. டிக்ரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, கடைசியில் பிரேக் கிளீனரை ஒரு துணியில் நனைத்து இணைப்புகளையும் விளிம்புகளையும் உலரத் துடையுங்கள். பிரேக் கிளீனர் சட்டென்று தீப்பற்றும், ரப்பர் உறையிலும் வயர் கனெக்டரிலும் நேரடியாக அடிக்காதீர்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இன்ஜினின் பின்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள், ஏனென்றால் மேலே வால்வ் கவரிலிருந்து வழியும் இன்ஜின் ஆயில் கியர்பாக்ஸ் மேல் இறங்கி வந்து நம்மை முட்டாளாக்கும்.

துடைத்ததும் பத்து பதினைந்து நிமிஷம் மட்டும் ஓட்டிவிட்டு வாருங்கள். நூறு கிலோமீட்டர் போய்விட்டு வந்தால் காற்று எல்லாவற்றையும் பின்னால் இழுத்துப் பூசிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆயில் இரண்டு திசையில்தான் பயணம் செய்கிறது: எடையால் கீழே, காற்றால் பின்னே. ஆகவே டார்ச்சை அடித்து, ஈரமாக உள்ள இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறது என்று தேடுங்கள். கசிவின் ஊற்று அங்கேதான், அல்லது அதை ஒட்டி. கண்ணுக்கு எட்டாத இடத்தில் சின்னக் கண்ணாடியை நீட்டலாம், மொபைல் கேமராவும் போதும்.

எப்போது கசிகிறது என்பதும் பாதி விடை. ஓடும்போது மட்டும் கசிந்தால் அழுத்தத்தோடு ஆயில் போகும் கூலர் பைப்புகளை முதலில் பாருங்கள்: ரேடியேட்டரில் மாட்டும் முனை, ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் கிளிப், குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பில் தேய்ந்து துருப்பிடித்த வளைவு. பல மணி நேரம் நின்ற பிறகு மட்டும் சொட்டினால் கதை வேறு மாதிரி. இன்ஜின் அணைந்ததும் டார்க் கன்வர்ட்டரில் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆயில் மெல்ல மெல்லப் பேனுக்கு இறங்கும். பேனில் மட்டம் ஏறி, ஓடும்போது ஆயில் தொடாத உயரத்தில் இருக்கும் சீல்களையும் நனைக்கும். கியர் செலக்டர் தண்டு நுழையும் இடத்து சீல், வயர் கனெக்டரின் ஓரிங் (ரப்பர் வளையம்) போன்றவை இப்படித்தான் ராத்திரியில் அழும்.

மற்ற சந்தேகப் பேர்வழிகள்: ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷர் (சமீபத்தில் ஆயில் மாற்றியிருந்தால் இதுதான் முதலில்), டிப்ஸ்டிக் குழாயின் அடி ஓரிங், ஸ்பீட் சென்சாரின் ஓரிங், முன்சக்கர இழுவை வண்டிகளில் ஆக்சில் நுழையும் இரண்டு பக்க சீல்கள். பேன் கேஸ்கெட்டைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். ஈரம் தெரிந்தால் உடனே ஸ்பேனரை எடுத்துப் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். அவை சின்ன போல்ட்டுகள், பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் முறுக்க வேண்டும். அதிகம் முறுக்கினால் தகரப் பேனின் விளிம்பு போல்ட்டைச் சுற்றிக் குழிந்து இடைப்பட்ட இடம் மேடாகிவிடும், அதன் பிறகு புதுக் கேஸ்கெட் போட்டாலும் நிற்காது.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டினால்தான் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். அங்கே இரண்டு பேர் உண்டு, இன்ஜினின் பின் சீல், கியர்பாக்ஸின் முன் சீல். நிறத்தை வைத்து எது என்று பிரிக்கலாம். எதுவானாலும் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலை, அதனால் முடிவுக்கு வருவதற்கு முன் மேலே வேறு எங்கிருந்தாவது வழிந்து பெல் ஹவுசிங் மேல் ஓடுகிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். ப்ரீதர் மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் கசிய வைக்கும்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் பவுடர் இருக்கிறது. துடைத்து உலர்ந்த இடத்தில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் பார்க்கில் ஓடவிட்டு அணைத்துவிட்டுப் பார்த்தால், கசியும் இடத்தில் ஈரக்கோடு பளிச்சென்று தெரியும். அதற்கும் மசியாத கசிவுக்கு யூவி டை: ஆயிலுக்கென்று விற்பதை வாங்கி (கூலன்டுக்கு உள்ளது வேறு) டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஊற்றி, ஓரிரு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் மஞ்சள் கண்ணாடி போட்டு யூவி டார்ச் அடித்தால் கசிவு மஞ்சள் பச்சையாக மின்னும். எனக்குப் பிடித்தது பவுடர்தான், டிப்ஸ்டிக் இல்லாத வண்டிக்கும் அது ஒத்துவரும்.

கசிவை நிறுத்தும் திரவம் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். அது ரப்பரை மிருதுவாக்கி உப்ப வைக்கும், அதனால் காய்ந்து சுருங்கிய சீலுக்குச் சில சமயம் உதவும். கிழிந்த ஹோஸ், வளைந்த பேன், அரித்த குழாய்க்கெல்லாம் ஒன்றும் செய்யாது. எங்கே கசிகிறது என்று தெரியாமல் ஊற்றுவதை நான் செய்யமாட்டேன்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் மாதிரி கலங்கலான இளஞ்சிவப்பாக வந்தால் தேடலை அங்கேயே நிறுத்துங்கள். ரேடியேட்டருக்கு உள்ளே இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கலாம், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். கியர் வழுக்கினாலும், டிரைவ் போட்டதும் தாமதித்துப் பிடித்தாலும், கருகிய வாடை வந்தாலும் அப்படியே.

இடம் தெரிந்து சரிசெய்த பிறகு அந்தப் பகுதியை இன்னொரு தடவை சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மிச்சம் இருக்கும் பழைய ஆயில் சொட்டி உங்களைப் பயமுறுத்தும். குறைந்த ஆயிலைப் புத்தகத்தில் சொன்ன அதே ரகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பல டிப்ஸ்டிக்குகளில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையில் அரை லிட்டருக்குள்தான் இருக்கும், ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் கவிழ்த்தால் ப்ரீதர் கதைதான். பிறகு புது அட்டை ஒன்றை விரித்து, தேதி எழுதி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள்.