குட்டை ஏர் ரைஃபிளில் புது ஸ்கோப்: மாட்டும்போது செய்யும் தவறுகள்

"ஸ்கோப் டூப்ளிகேட் போல, குறி நிக்கவே மாட்டேங்குது" என்று யாராவது ஏர் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வந்தால், குறிபார்க்கும் தொலைநோக்கியான அந்த ஸ்கோப்பை நான் முதலில் பார்ப்பதில்லை. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்டுக்கு முன்னால், அது மாட்டியிருக்கும் ரெயிலில் (துப்பாக்கி மேலுள்ள பட்டை) கீறல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

என் முதல் ஸ்பிரிங் ரைஃபிளில் அந்தக் கீறலைக் கண்டுபிடிக்க ஒரு முழுச் சாயங்காலம் ஆயிற்று. திருப்போரூர் பக்கம் நண்பரின் தோப்பு, 20 மீட்டரில் அட்டை. ஐந்து பெல்லட் ஒரே இடத்தில் விழும், அடுத்த ஐந்து வேறெங்கோ போகும். ஸ்கோப்பில் உள்ள, குறியை நகர்த்தும் குமிழைத் திருகிச் சரிசெய்தால் மறுபடி நகரும். இருட்டியபின் டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது: கருப்புப் பூச்சு உரிந்து நாலைந்து மில்லிமீட்டருக்குப் பளபளவென்று ஒரு கோடு. மவுண்ட் அத்தனை தூரம் பின்னால் ஊர்ந்திருக்கிறது.

ஸ்பிரிங் ரைஃபிள் இரண்டு முறை உதைக்கும். உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும். பிஸ்டன் முனையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் போகும். பஸ் கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்கிற மாதிரி, ஸ்கோப் பின்னால் வழுக்கும். பின் மவுண்டில் ஸ்டாப் பின் என்று ஒரு சின்ன ஆணி இருக்கும். ரெயிலில் உள்ள குழியில் அது உட்கார வேண்டும். குழியே இல்லையென்றால் மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு ஸ்டாப்பர் போடுங்கள். ஸ்க்ரூவை வெறியோடு இறுக்கி இதைச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரிய தோட்டாத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்பாக இருந்தாலும், இந்த முன்பக்க அதிர்ச்சியைத் தாங்குமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த தவறு கண் தூரம். குட்டை ரைஃபிளில் பின்கட்டையும் பெரும்பாலும் குட்டை. ரெயிலின் நடுவில் அழகாக இருக்கிறதே என்று மாட்டிவிட்டு, பிறகு கழுத்தை நீட்டியோ சுருக்கியோ பார்ப்பார்கள். கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின் லென்ஸுக்கும் நடுவே பொதுவாக 3 முதல் 4 அங்குலம் வேண்டும். குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கைத் தளர்வாக விட்டு, ஸ்கோப்பை அதிகபட்ச ஜூமில் வையுங்கள். கண்ணை மூடி, தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, அப்புறம் கண்ணைத் திறக்க வேண்டும். ஓரத்தில் கருப்பு நிழல் தெரிந்தால் ஸ்கோப்பைத்தான் நகர்த்த வேண்டும், தலையை அல்ல. சுடும் நிலையிலேயே இதைப் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பொருத்தினால் நிற்கும்போது மாறிவிடும். குழலை மடக்கிக் குண்டு போடும் ரைஃபிள் என்றால் இன்னொன்றும் உண்டு: ஸ்கோப்பின் முன்பகுதி நீண்டுவிட்டால் விரல் நுழைய இடம் இருக்காது.

ஆன்லைனில் வாங்கும்போது அளவைப் பார்க்காமல் விடுவது தனிக் கதை. ஏர் ரைஃபிளில் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் டவ்டெயில், அதாவது பக்கங்கள் சரிவாக வெட்டிய ஒடுக்கமான ரெயில்; படத்தில் மிரட்டலாகத் தெரியும் பிக்காட்டினி மவுண்ட், குறுக்கே காடி வெட்டிய 21 மில்லிமீட்டர் ரெயிலுக்கானது. ஸ்கோப் குழாயும் பெரும்பாலும் 25.4, 30 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் வரும். ஸ்கேலால் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ரசமட்டத்தைத் துப்பாக்கி மேல் வைத்து மட்டம் பார்த்துவிட்டு, கொத்தனார் தூக்குக்குண்டை எதிர்ச் சுவரில் தொங்கவிடுங்கள். குறுக்குக்கோட்டின் செங்குத்துக் கம்பி அந்த நூலோடு ஒட்ட வேண்டும். கண் மதிப்பில் வைத்த கோடு எனக்கு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தேதான் இருந்திருக்கிறது. இறுக்கும்போது கார் சக்கர போல்ட் மாதிரி எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. ரிங் ஸ்க்ரூவுக்குச் சுமார் 2 நியூட்டன் மீட்டர் போதும். திருகு விசையை அளக்கும் டார்க் கருவி இல்லையென்றால் ஆலன் கீயின் குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள். நீளக் கையைப் பிடித்துத் தொங்கினால் மரை போகும், குழாயும் நசுங்கும்.

பிறகு குறி சரிபார்ப்பது. ஒரு குண்டு சுட்டு உடனே குமிழைத் திருகுவது கூடாது; குறைந்தது மூன்று சுட்டு, அவற்றின் நடுவைப் பார்க்க வேண்டும். எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம். கால் எம்ஓஏ ஸ்கோப்பில் குமிழின் ஒரு கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். 10 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. 3 சென்டிமீட்டர் நகர்த்த அங்கே 40 கிளிக்குக்கு மேல் வேண்டும். நாலு கிளிக் திருகிவிட்டு "குமிழ் வேலை செய்யலை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். 100 கஜத்துக்கு அமைத்த ஸ்கோப்பில் 10 மீட்டர் மங்கலாகத்தான் தெரியும். 10 கஜத்தில்கூட ஃபோகஸ் வருவதாக வாங்குங்கள்.

இதெல்லாம் அட்டைக்கும் தகர டப்பாவுக்கும்தான். 1972 வனவுயிர் சட்டப்படி வேட்டை குற்றம். வீட்டு மொட்டை மாடியில் ஸ்கோப்பைப் பொருத்தலாம், சுடக் கூடாது.

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் ஸ்க்ரூத் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைக்காவிட்டால், உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப் பூத்துவிடும். குறி சரியாக நின்றதும் எண்ணெயைத் துடைத்துவிட்டு ஸ்க்ரூவையும் ரிங்கையும் சேர்த்து நெயில் பாலிஷால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். கோடு உடைந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். சிவப்புதான் நன்றாகத் தெரியும்.