ஊருக்கு அனுப்பிய பணத்தை ஆப்பில் எப்படி எழுதுவது? அமீரகம் வந்திருக்கும் நெல்லைத் தம்பிகளுக்கு

போன மாதம் ஷார்ஜா ரோலாவில் எங்கள் அறைக்கு அம்பாசமுத்திரம் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்து சேர்ந்தார். முதல் சம்பளம் ஏறிய அன்று ராத்திரி போனும் கையுமாக வந்து, “அண்ணாச்சி, செலவு எழுதுறதுக்கு எந்த ஆப் நல்லாருக்கும்?” என்று கேட்டார். எந்த ஆப் என்பதைவிட, ஊருக்கு அனுப்பும் பணத்தை அதில் எங்கே எழுதுவது என்பதுதான் பெரிய கேள்வி. அதைத் தப்பாக எழுதி நான் பட்ட பாட்டை அவருக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். புதிதாக வரும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

எமிரேட்ஸ் ஐடி, சிம், சம்பளக் கணக்கு எல்லாம் கம்பெனி ஆளே கூட்டிக்கொண்டு போய் முடித்துக் கொடுத்துவிடுவார். ஊரில் செய்ய வேண்டிய வேலையைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறோம். வேலைக்கு வெளிநாடு வந்த பிறகு ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வருமானத்துக்கான கணக்கு) மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே சம்பாதிப்பதைச் சேர்த்து வைக்கத் தனியாக என்ஆர்இ கணக்கு ஒன்று திறக்க வேண்டும். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது, பணத்தையும் தடையில்லாமல் வெளிநாட்டுக்குத் திரும்ப எடுக்கலாம். என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேலும் வரியாகப் பிடித்துவிடுவார்கள். இப்படிச் சேமிப்புக்குத் தனிக் கணக்கு இருப்பது ஆப்புக்கும் அவசியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆப்பை இறக்கியதும் முதலில் நாணயம் கேட்கும். கை தானாக ரூபாயைத் தொடும், தொடாதீர்கள். சம்பளம் திர்ஹாமில் வருகிறது, பஸ்ஸும் சாயாவும் திர்ஹாமில். பல ஆப்களில் பிறகு அடிப்படை நாணயத்தை மாற்றுவது பெரிய தலைவலி. ஊர்க் கணக்கை மட்டும் ரூபாயில் துணைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். அடுத்தது, மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது. சம்பளம் 28ஆம் தேதி வந்தால் மாதமும் 28இல் தொடங்கட்டும். காலண்டர் மாதத்தை வைத்தால் கடைசி மூன்று நாள் பணக்காரராகத் தெரிவோம்.

ஊரில் சிலர் வைத்திருக்கும் ஆப், வங்கி எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானே எழுதிக்கொள்ளும் வகை. இங்கே அதை நம்ப முடியாது. ஐபோனில் எஸ்எம்எஸ் படிக்க எந்த ஆப்புக்கும் அனுமதியே இல்லை. ஆண்ட்ராய்டில் அனுமதி கொடுத்தாலும் மெஸ் காசும் அறை வாடகைப் பங்கும் ரொக்கமாகத்தானே போகிறது, அதற்கு எங்கே எஸ்எம்எஸ் வரும்? கையால் எழுதுங்கள். சாப்பாட்டுக் கடையில் பில் வாங்கிய கையோடு எழுதினால் பத்து வினாடி வேலை. ராத்திரி மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும்.

பேக்கப் எடுத்து வைப்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய மின்ட் என்ற ஆப்பையே 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். மாதம் ஒரு முறை எக்செல் கோப்பாக இறக்கி மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். போதும்.

கிரெடிட் கார்டு வாங்கியிருந்தால், கடையில் தேய்த்த அன்றே அது செலவு. மாதக் கடைசியில் பில் கட்டுவது செலவு இல்லை, ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது. அதை ஆப்பில் ‘டிரான்ஸ்பர்’ என்று எழுத வேண்டும், இல்லையென்றால் ஒரே செலவு இரண்டு முறை ஏறும். இது சரியான வழிதான். இதைக் கற்றுக்கொண்டு, ஊருக்கு அனுப்பும் பணத்தையும் இதே மாதிரி எழுதித்தான் நான் தப்புச் செய்தேன்.

2023 மே மாதம் ஆப்பில் எழுதத் தொடங்கினேன். மாதம் 2,000 திர்ஹாம் ஊருக்கு அனுப்புவேன், ஏறக்குறைய 45,000 ரூபாய். பணம் போவது என் பெயரில் இருக்கும் கணக்குக்கு, ஏடிஎம் கார்டு அப்பா கையில். என் கணக்கிலிருந்து என் கணக்குக்குத்தானே போகிறது என்று ஒவ்வொரு மாதமும் ‘டிரான்ஸ்பர்’ என்று எழுதினேன். ஆப்பில் ‘ஊர்க் கணக்கு’ என்ற வரி மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்த எண்ணைத் திறந்து பார்ப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீரவநல்லூரில் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தோம்.

2024 மார்ச்சில் அந்த எண் 4,52,000. மேல்தளம் போட 3,50,000 ஆகும் என்று கொத்தனார் சொன்னார். கையில் இருக்கிறதே, ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டேன். சென்ட்ரிங் அடித்து, கம்பியும் கட்டிவிட்டார்கள். கான்கிரீட்டுக்கு நாள் குறித்த பிறகு அப்பா பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு வந்து போன் செய்தார். கணக்கில் இருந்தது 61,000 ரூபாய்.

அன்று நான் அப்பாவிடம் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. என் பணம் எங்கே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டது உங்களுக்கே தெரியும். எங்கள் பிசான (மழைக்காலப் போக) நெல்லும் தண்ணீருக்குள் போனது. மறுநடவுக்கு 38,000. வெள்ளத்தில் போன மோட்டாருக்கு 22,000. தங்கச்சி வளைகாப்புக்கு வளையலும் சேர்த்து 1,10,000. அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, தலைக்கட்டு வரியும் (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் வாங்குவது) எங்கள் பங்கு செலவுமாக 21,000. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு 35,000. பலசரக்கு, கரண்டு பில், சிலிண்டர் என்று வீட்டுக்கு மாதம் 12,000, பத்து மாதத்துக்கு 1,20,000. மீதி 45,000 எங்கே போனது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

இதில் ஒன்றைக்கூட அவர் எனக்குச் சொல்லாமல் செய்யவில்லை. மழை விட்ட மறுநாள், “எய்யா, பிசானம் பூரா தண்ணிக்குள்ள கெடக்கு. மறுநடவுக்குக் கணக்குல இருந்து எடுக்கவா?” என்று கேட்டார். “எடுங்கப்பா, கேக்கணுமா?” என்றேன். போனை வைத்தேன். ஆப்பைத் திறந்து 38,000 ரூபாயைக் கழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இங்கே வாங்கும் சாயாவை எழுதுகிற எனக்கு, ஊரில் செலவாகிற பணம் செலவாகவே தெரியவில்லை. கம்பி கட்டிய தளத்தை வெயிலில் எத்தனை நாள் போட்டு வைப்பது? கிரெடிட் கார்டிலிருந்து 10,000 திர்ஹாம் ரொக்கமாக எடுத்து அனுப்பினேன். அது 2,25,000 ரூபாய். மிச்சத்துக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தோம்.

கார்டில் ரொக்கம் எடுப்பது கடையில் தேய்ப்பது மாதிரி இல்லை. எடுத்த உடனே ஒரு கட்டணம் பிடிப்பார்கள், அதன் மேல் 5 சதவீதம் வாட் வரி வேறு. வட்டியில்லாத நாட்கள் என்று எதுவும் கிடையாது, எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். என் கார்டில் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல். ஏழு மாதத்தில் அடைத்து முடித்தபோது அசலுக்கு மேல் போனது ஏறக்குறைய 1,600 திர்ஹாம், ஊர்க்காசில் 36,000 ரூபாய். ஒரு மறுநடவுச் செலவு. வங்கிக்கு போன் செய்து கார்டின் ரொக்க வரம்பைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் முதல் நாளே குறைத்துவிடுங்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். ஊரில் பணம் போகும் இடத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டேன். வீட்டுக்கென்று அனுப்புவது அப்பாவின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. அனுப்பிய நிமிடமே ஆப்பில் அது செலவு, ‘வீடு’ என்ற தலைப்பில். அது என் பணம் இல்லை, அவர்கள் பணம். அதில் மிச்சம் பிடித்தால் அது அம்மாவின் சாமர்த்தியம். சேமிப்பு என்று அனுப்புவது மட்டும் என்ஆர்இ கணக்குக்கு. அந்தக் கணக்கின் கார்டு என்னிடம், நெட் பேங்கிங்கும் என்னிடம். ஆப்பில் ‘டிரான்ஸ்பர்’ என்று எழுதுவது இதை மட்டும்தான். மாதம் ஒரு முறை வங்கியில் இருக்கும் இருப்பையும் ஆப் காட்டும் இருப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் விடமாட்டேன்.

அனுப்பும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். திர்ஹாமுக்கும் டாலருக்கும் விலை கட்டப்பட்டிருக்கிறது, ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம். அதனால் ரூபாய் டாலரிடம் இறங்கினால் திர்ஹாமுக்கும் கூடுதல் ரூபாய் கிடைக்கும். ஆப் காட்டும் விலை சந்தை விலை. எக்ஸ்சேஞ்சில் தரும் விலை அதைவிடக் கொஞ்சம் குறைவு, கட்டணமும் உண்டு. ஆப் தானாகப் போடும் ரூபாயை அப்படியே விடாமல், ரசீதில் இருக்கும் ரூபாயைக் கையால் திருத்துங்கள். ‘கட்டணம் இல்லை’ என்று போர்டு வைத்திருக்கும் இடத்திலும் விலையைக் கேளுங்கள். கடைசியில் ஊரில் எத்தனை ரூபாய் ஏறும் என்ற ஒரே எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஆப்பில் வரும் தலைப்புகள் நம் வாழ்க்கைக்குப் போதாது. சினிமா, ஜிம், செல்லப்பிராணி என்று இருக்கும். எடுத்துவிட்டு நம்முடையதைச் சேருங்கள். கொடை வரி என்று ஒன்று வேண்டும். நாம் எங்கே இருந்தாலும் தலைக்கட்டுக்கு வரி உண்டு, அதைக் கொடுப்பதில் எனக்குப் பெருமைதான். மொய்க்கு ஒன்று. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகும் செலவுக்கு ஒன்று. நாம் போக முடியாவிட்டாலும் வீட்டிலிருந்து வேன் பிடித்துப் போவார்கள், பொங்கலும் படையலும் உண்டு. நான் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்கு மட்டும் காலையில் வேலையில் கை ஓடாது. கொடையும் உத்திரமும் வருஷத்துக்கு ஒரு முறை வருவதால் மாதக் கணக்கில் தெரியாது. வருஷத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் ஒதுக்குங்கள். ஊருக்குப் போகும் டிக்கெட்டும் அப்படித்தான். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் திருவனந்தபுரம் விமானம் என்ன விலை விற்கும் என்று ஒரு தடவை பார்த்தால் போதும்.

அடுத்து வருவதுதான் கஷ்டமானது. வீட்டில் கணக்குக் கேட்பது. நான் முதலில் நேராகக் கேட்டேன். “கணக்குக் கேக்குற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டான்” என்று அம்மா இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. நியாயம்தான். நம்மைப் படிக்க வைக்கும்போது அவர்கள் நம்மிடம் கணக்குக் கேட்டார்களா? பிறகு வழியை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து முதலில் என் கணக்கைச் சொல்வேன். வாடகைப் பங்கு இவ்வளவு, மெஸ் இவ்வளவு, முடி வெட்டியது இவ்வளவு என்று. ஒரு முடி வெட்டுக்கு இத்தனை ரூபாயா என்று அம்மா அதிர்ந்துபோய், பதிலுக்குத் தன் செலவைச் சொல்லத் தொடங்குவார். இங்கே நாம் எப்படி வாழ்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதே பெரிய விஷயம். பலசரக்குக் கடைப் பற்று நோட்டு மாதிரி அப்பா இப்போது தனியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். சனிக்கிழமை ராத்திரியே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். ஒரு தடவைகூட நான் கேட்டு வாங்கியதில்லை.

குடும்பத்தைக் கூட்டிவரப் போகிறவர்கள் வாடகைச் செக்கையும் கணக்கில் வையுங்கள். இங்கே தனி வீட்டுக்கு வருஷ வாடகையை நான்கு செக், இரண்டு செக் என்று முன்தேதியிட்டு வாங்குவார்கள். செக் விழாத மாதங்களில் ஆப் பச்சை நிறத்தில் மிச்சம் காட்டும், அந்த மிச்சம் வீட்டுக்காரருடையது. துபாயில் என்றால் வருஷ வாடகையில் 5 சதவீதம் வீட்டுவசதிக் கட்டணமாக தேவா (மின்சாரம், தண்ணீர்) பில்லோடு மாதாமாதம் வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி இந்த மாதம் முதல் தடவையாக ஊருக்குப் பணம் அனுப்புகிறார். அவருடைய கணக்கின் கார்டும் அப்பா கையில்தான் இருக்கிறது. உங்களுடையதும் அப்படித்தான் என்றால், அனுப்புவதற்கு முன் வீட்டுக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று அப்பாவோடு பேசி முடிவு செய்யுங்கள். என்ஆர்இ கணக்கு இன்னும் தயாராகவில்லையென்றால், சேமிப்புப் பங்கு இங்கே சம்பளக் கணக்கிலேயே கிடக்கட்டும். ஒரு மாதம் காத்திருக்கலாம், தப்பில்லை.