'உங்கள் பிரவுசரில் இந்தத் தளம் இயங்காது' என்று வந்தால் என்ன செய்வது?

பயர்பாக்ஸிலோ விவால்டியிலோ ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள், 'குரோமில் திறக்கவும்' என்று சொல்லி அது உங்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உடனே குரோமுக்கு மாறிவிடாதீர்கள். பல நேரம் அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் நன்றாகவே ஓடும், அதை உருவாக்கியவர்கள் ஓட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் பிரவுசர் 'யூசர் ஏஜென்ட்' என்ற வரியில் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லும். பெரும்பாலும் அதைப் படித்துத்தான் தடுக்கிறார்கள். ஆனால் அந்த வரியை நம்பி முடிவெடுப்பது தப்பு. குரோம் அனுப்பும் வரியிலேயே மொசில்லா, சஃபாரி என்ற பெயர்களும் இருக்கின்றன, ஏனென்றால் தளங்கள் தடுக்காமல் இருக்க ஒவ்வொரு புதுப் பிரவுசரும் முன்னால் வந்தவற்றின் பெயரையும் சேர்த்துக்கொண்டே வந்தது. விவால்டி இந்தத் தொல்லை தாங்காமல் 2019 டிசம்பரில் பெரும்பாலான தளங்களிடம் தன்னைக் குரோம் என்றே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தது.

சரி, முதலில் பிரவுசரை அப்டேட் செய்யுங்கள். அப்புறம் பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். அங்கே வேலை செய்தால் தடுப்பது விளம்பரத் தடுப்பான் மாதிரி ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன், அல்லது அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் முன்பு சேமித்து வைத்த குறிப்பு, அதாவது பழைய குக்கி.

அதிலும் சரியாகவில்லை என்றால் யூசர் ஏஜென்டை மாற்றுங்கள். பயர்பாக்ஸில் அதற்கென்றே எக்ஸ்டென்ஷன்கள் உண்டு, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் குரோம் என்று வையுங்கள், எல்லாத் தளங்களுக்கும் வேண்டாம். எட்ஜிலும் குரோமிலும் எஃப்12 அழுத்தி, திறக்கும் பெட்டியிலுள்ள 'மோர் டூல்ஸ்' என்பதில் 'நெட்வொர்க் கண்டிஷன்ஸ்' போய், 'யூஸ் பிரவுசர் டீஃபால்ட்' டிக்கை எடுத்துவிட்டு வேறு பிரவுசரைத் தேர்ந்தெடுங்கள், அந்தப் பெட்டியை மூடினால் மாற்றமும் போய்விடும். ஒரு எச்சரிக்கை: 'நீங்கள் மனிதர்தானா' என்று சோதிக்கும் தளங்களில் பெயர் ஒன்றும் நடத்தை ஒன்றுமாக இருந்தால் சந்தேகப்பட்டு இன்னும் இறுக்கிவிடும், அங்கே பழையபடி மாற்றிவிடுங்கள்.

பிரவுசர் உண்மையிலேயே பழையது என்றால் கதை வேறு. விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் வந்த கடைசி குரோம் 109, அது 2023-ல். அதற்குப் பிறகும் அந்தக் கணினிகளுக்குப் பயர்பாக்ஸ் 115-ன் ஈ.எஸ்.ஆர். (நீண்ட நாள் ஆதரவு தரும்) பதிப்பில் பாதுகாப்பு அப்டேட்கள் வந்தன. பழைய பிரவுசருக்குப் புதுப் பெயர் வைத்து வங்கித் தளத்துக்குள் மட்டும் போகவே போகாதீர்கள், பாதுகாப்பு ஓட்டை அப்படியேதான் இருக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் கேட்கும் பழைய அலுவலகத் தளம் என்றால் எட்ஜில் 'ஐஈ மோட்' இருக்கிறது, செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' பகுதியில் அனுமதி கொடுங்கள்.

பெயரை மாற்றியதும் தளம் ஓடிவிட்டதா? அதோடு விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து புகார் கொடுங்கள். எல்லோரும் குரோம் வேஷம் போட்டால் பயர்பாக்ஸில் ஆளே இல்லை என்றுதான் அவர்கள் கணக்கு காட்டும். பயர்பாக்ஸ் மெனுவிலேயே 'ரிப்போர்ட் புரோக்கன் சைட்' இருக்கிறது, அது மொசில்லாவுக்குப் போகும். தளத்தாருக்கும் தனியாக எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்தப் பதிப்பு, பெயரை மாற்றியதும் எல்லாம் வேலை செய்தது என்ற மூன்றும் இருந்தால் போதும்.